உதையும் ஓசையும்

கண்ணுக்கு இமை உண்டு; வாய்க்கு இதழ் உண்டு; காதுக்கு மட்டும் கதவில்லை. காண விரும்பாததைக் கண்மூடித் தவிர்க்கலாம். பேசத் தகாததை வாய்மூடித் தவிர்க்கலாம். ஆனால், வந்து மோதும் ஒலியைச் செவி ஏற்றே தீர வேண்டும். நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. கல்வியின் வாயிலும் அதுவே. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்திருப்பதை நம் மாணவர்கள் நன்கறிவர். எழுத்தறியும் முன்னரே குழந்தை தாயின் தாலாட்டைக் கேட்டு மொழியைப் பெற்றுவிடுகிறது.

செவியின் பெருமையைச் சொல்லத் தொடங்கியவன் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி எழுதப் போகிறான் என்றால் படிப்போர் வியப்படையக் கூடும். நியூசிலாந்தின் தென்தீவில் குடியேறி வாழும் என் தமக்கை மகன்தான் இதற்குக் காரணம். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, ரைபிளின் முனையில் பூட்டுவதற்கு இரண்டு கருவிகள் கடையில் இருக்கின்றன. ஒன்று உதையைக் குறைக்கும். மற்றொன்று ஓசையைக் குறைக்கும். எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றான். துப்பாக்கியைக் கையால் தொட்டறியாத தமிழாசிரியனிடம் இவ்வினாவை அவன் ஏன் கேட்டான்? அவனுடைய தாத்தாவின் காதுகளைப் பற்றி என்னைவிட நன்கறிந்தவர் இப்போது எவரும் இலர் என்பதே காரணம்.

அந்நாட்டில் வேட்டை என்பது வெறும் பொழுதுபோக்கன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்து மண்ணுக்கே உரிய நிலப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. அங்கே இன்று காடுகளில் திரியும் மான்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. நம் நீலகிரி வரையாட்டுக்கு உறவான இமயமலை வரையாடு 1904ஆம் ஆண்டில் அங்கே மலைச்சாரலில் விடப்பட்டது. இவற்றைக் கொன்று தின்னப் புலியுமில்லை, ஓநாயுமில்லை. பெருகிய மந்தைகள் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்த்தன. ஆகவே 1930ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே கூலிக்கு ஆள் வைத்து மான்களைச் சுட்டுக் குறைக்கத் தொடங்கியது. இன்று இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதிச் சீட்டுப் பெற்று, உரிமம் உள்ள எவரும் அரசு நிலத்தில் வேட்டையாடலாம். என் மருமகனும் ஆண்டுக்கு நான்கைந்து முறை மலையேறி ஒரு மானைச் சுமந்து வருகிறான். அண்மைக் காலமாக அவனுடைய பதினொரு வயது மகனும் உடன் செல்கிறான். என் மனத்தில் நின்றவன் அந்தச் சிறுவனே.

இனி, அவ்விரு கருவிகளின் இயல்பைக் காண்போம். துப்பாக்கியின் உதையைப் புரிந்துகொள்ள நியூட்டனின் மூன்றாம் விதி போதும். ஏறத்தாழப் பத்து கிராம் எடையுள்ள குண்டு ஒன்று நொடிக்கு 850 மீட்டர் விரைவில் முன்னே பாய்கிறது. அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே பாய்ந்து தோளில் இடிக்கிறது. இதனையே நம் தோட்டத்து மக்கள் 'துப்பாக்கி உதைக்கும்' என்பார்கள். ஆனால் முன்னே செல்வது குண்டு மட்டுமன்று. எரிந்த வெடிமருந்து மூன்று கிராம் அளவே இருந்தாலும், அது வாயுவாக மாறிக் குண்டையும் விஞ்சிய விரைவில் குழலை விட்டுப் பீறிடுகிறது. உதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவினால் விளைவதே. குழல்வாயில் எழும் பேரொலிக்கும் இவ்வாயு திடீரென வெளிக்காற்றில் விரிவதுதான் காரணம். ஆக, உதையின் ஒரு பங்கையும் ஓசையின் பெரும் பங்கையும் விளைவிப்பது ஒரே வாயுதான். அந்த வாயுவை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கருவிகளும் வேறுபடுகின்றன.

முதலாவது 'மசில் பிரேக்'. இதனை உதைதணிப்பி என்போம். குழலின் முனையில் திருகப்படும் இச்சிறு உருளையின் பக்கங்களில் துளைகள் இருக்கும். முன்னே பாய வேண்டிய வாயு இத்துளைகளின் வழியே பக்கவாட்டிலும் சற்றுப் பின்புறமாகவும் திருப்பிவிடப்படுகிறது. பின்னோக்கிப் பாயும் வாயு துப்பாக்கியை முன்னே இழுப்பதால் தோளின் மீது விழும் இடி தணிகிறது. பெரிய பீரங்கிகளின் முனையில் காணப்படும் துளையிட்ட தலையும் இதே தொழிலைத்தான் செய்கிறது.

இரண்டாவது 'சப்ரெஸ்ஸர்'. மோட்டார் சைக்கிளின் வாயிலாக நம் மக்களுக்குப் பழகிப்போன 'சைலன்சர்' என்ற பெயரும் இதற்கு உண்டு. இதனை ஒலியடக்கி என்போம். சற்று நீண்ட இவ்வுருளைக்குள் தடுப்புத் தட்டுகள் வரிசையாக அமைந்து சிறுசிறு அறைகளை உண்டாக்குகின்றன. குண்டு நடுத்துளை வழியே போய்விடும். வாயுவோ அறை அறையாகத் தங்கி, விரிந்து, சூடு தணிந்து, வேகம் குறைந்து வெளியேறும். சினந்து வந்தவனைத் திண்ணையில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, பேசி அனுப்புவது போன்ற செயல் இது. இதனாலும் உதை குறையும். ஆயினும் பொதுவாக நல்ல உதைதணிப்பி குறைக்கும் அளவுக்குக் குறையாது.

ஒலியடக்கியின் பிறப்பில் ஒரு குடும்பக் கதை உண்டு. 1880களில் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியை ஆக்கிப் புகழ்பெற்றவர் ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி, அந்நாட்டு அரசின் 'சர்' பட்டமும் பெற்றவர். ஆண்டுக்கணக்கில் தம் துப்பாக்கிகளைத் தாமே சுட்டுச் சோதித்த அவர், முதுமையில் செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் அமெரிக்காவில் வாழ்ந்த பொறியியலாளர். விற்பனையில் வெற்றிகண்ட முதல் ஒலியடக்கிக்கு 1909ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அம்மகனே. குளியல் தொட்டியின் நீர் சுழன்று வடிவதைக் கண்டு வாயுவையும் அவ்வாறு சுழலவிடலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது என்பர். தந்தை உலகுக்கு இடியோசையைத் தந்தார். மகன் அதை அடக்கும் வழியைத் தந்தார். வரலாறு சில வேளைகளில் புனைகதையையும் மிஞ்சிவிடுகிறது.

இனி அளவுக்கு வருவோம். ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். இது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 20 டெசிபல் ஏறினால் ஒலியழுத்தம் பத்து மடங்காகிறது. இருவர் அமைதியாக உரையாடும் ஓசை ஏறத்தாழ 60 டெசிபல். வேட்டை ரைபிளின் வெடியோசையோ 160ஐத் தாண்டும். அதாவது, உரையாடலைவிட இலட்சம் மடங்கு மிகுந்த அழுத்தம் ஒரு கணத்தில் செவிப்பறையைத் தாக்குகிறது. திடீர் ஒலிக்கு 140 டெசிபலே எல்லை என்று பல நாடுகள் வரையறுத்துள்ளன. நம் மலேசியாவில் தொழிலாளர் நலன் கருதி 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலி விதிமுறைகளிலும் உச்ச அளவு 140தான். ஒலியடக்கி பூட்டினால் வெடியோசை 20 முதல் 30 டெசிபல் வரை குறைகிறது. ஆபத்தின் எல்லைக்கு அருகில் இறங்கி வருகிறது. உதைதணிப்பி பூட்டினால், வாயு பக்கவாட்டில் திரும்புவதால், சுடுபவரின் காதருகிலும் பக்கத்தில் நிற்பவரின் காதருகிலும் ஓசை மேலும் 5 முதல் 10 டெசிபல் வரை ஏறுகிறது.

திரைப்படங்களில் ஒலியடக்கி பூட்டிய துப்பாக்கி பூனை தும்முவது போல ஒலிப்பதைக் கண்டு நாம் ஏமாந்திருக்கிறோம். உண்மை அதுவன்று. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ரைபிள் குண்டு அதனினும் இரண்டு மடங்குக்கு மேல் விரைவாகச் செல்வதால், வழி நெடுகச் சாட்டை சொடுக்கியது போன்ற ஓசை எழுகிறது. அதனை எந்த ஒலியடக்கியாலும் அடக்க முடியாது. ஒலியடக்கி மௌனத்தைத் தருவதில்லை. செவியின் சேதத்தைக் குறைக்கிறது, அவ்வளவே.

அந்தச் சேதம் எத்தகையது என்பதை நூல்களில் படிக்கும் முன்னரே வீட்டில் கண்டவன் நான். என் தந்தையார் தோட்டத்தில் காவற்காரராக இருந்தார். ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட காலம் அது. இரவில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். நிர்வாகத்தின் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கியை ஏந்தி அவர் இரவெல்லாம் காவல் இருப்பார். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. 'காது அடைத்தால் பன்றி வருவது எப்படித் தெரியும்?' என்பார். விடியற்காலையில் வீடு திரும்பும்போது காதுக்குள் வண்டு ரீங்கரிப்பதாகச் சொல்வார். அடுத்த நாள் மாலைக்குள் அது நின்றுவிடும். பின்னர் நிற்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரு காலத்தில் நிற்காமலேயே போயிற்று.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அப்பாவின் வலப்பக்கம் போய் நின்றே பேசுவோம். அவருடைய இடக்காது முதலில் கெட்டதற்கான காரணம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. வலத்தோளில் துப்பாக்கியைச் சார்த்திச் சுடுபவரின் தலை சற்றுத் திரும்பியிருக்கும். வலக்காது தலையின் நிழலில் மறைந்துகொள்ள, இடக்காது குழல்வாயை நோக்கி நிற்கும். அடி முழுவதும் அதற்கே.

நான் ஆசிரியரான பிறகு ஒரு முறை பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு அவரை அழைத்துச் சென்றேன். முன் வரிசையில் அமர்ந்து பேசுவோரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேச்சு முடிந்தபோதும் பிறர் கைதட்டத் தொடங்கிய பின்னரே தாமும் தட்டினார். திரும்பும் வழியில், "பிள்ளைகள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை" என்றார்.

இக்கூற்றில் உள்ள அறிவியலைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணரலாம். உட்செவியில் நத்தை ஓட்டின் வடிவிலுள்ள உறுப்புக்குள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் உள்ளன. பேரொலியால் மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. அவற்றுள் முதலில் மடிவன உயர்ந்த சுருதியை வாங்கும் அணுக்களே. நம் மொழியில் உயிரெழுத்துகள் உரத்தும் தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பவை. மெய்யெழுத்துகள் பலவும் மெலிந்து, உயர்ந்த சுருதியில், ஒரு கணத்தில் தோன்றி மறைபவை. ஆகவே கேட்கும் திறன் குன்றியவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. 'கல்', 'கண்', 'கள்' என்ற மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. சொல்லின் ஓசை இருக்கிறது, பொருள் போய்விடுகிறது. எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட மகனுக்கு, தன் தந்தைக்கு மெய்யெழுத்துகள் கேட்கவில்லை என்று அறிவது எத்தகைய துயரம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிற்க. ஒரு பக்கமே பேசுவது நடுநிலை ஆகாது. உதைதணிப்பிக்கும் தக்க காரணங்கள் உண்டு. அது விலை மலிவு, கைக்கடக்கம், எடையும் குறைவு. ஒலியடக்கியோ துப்பாக்கியின் நீளத்தைக் கூட்டுகிறது. 300 முதல் 500 கிராம் எடையை அதுவும் முனையிலேயே ஏற்றுகிறது. புதரடர்ந்த மலைச்சரிவில் ஏறுவோருக்கு இஃது இடையூறே. தொடர்ந்து சுட்டால் உருளை கொதித்து, எழும் அனல் தொலைநோக்கியின் காட்சியைக் கலங்கச் செய்யும். மேலும், மிக வலிய தோட்டாக்களைச் சுடுபவருக்கு உதை ஒரு பெருங்கவலை. தோளில் விழப்போகும் இடியை எண்ணி அஞ்சுபவர் விசையை இழுக்கும் கணத்தில் தம்மையறியாமல் உடலைக் குலுக்கிவிடுவார். குறி தவறும், விலங்கு சாகாமல் குண்டடி பட்டு ஓடி, எங்கோ கிடந்து வதைபட்டுச் சாகும். உதை தணிந்தால் இந்தக் கொடுமை குறையும் என்பது மறுக்க முடியாத உண்மை. தனித்துச் சுடும் களத்தில், காதுமூடியை முறையாக அணிந்து, அருகில் எவரும் இல்லாதபோது உதைதணிப்பியைப் பயன்படுத்துவோரைக் குறைகூற நான் முன்வரமாட்டேன்.

ஆனால், காட்டு வேட்டை அத்தகையதன்று. மான் வரும் சருகோசையைக் கேட்கக் காதைத் திறந்து வைக்க வேண்டும். மான் எதிர்ப்பட்ட கணத்தில் காதுமூடியைத் தேட நேரமிராது. என் தந்தையார் சொன்ன காரணத்தையே அந்நாட்டு வேட்டைக்காரர்களும் சொல்கிறார்கள். காதுமூடியைப் போட மறக்கலாம். குழலில் திருகப்பட்டதை மறக்க வழியில்லை. அன்றியும், மனிதனின் அச்சம் உதையால் மட்டும் விளைவதன்று, ஓசையாலும் விளைகிறது. இரண்டையும் ஓரளவு குறைப்பது, ஒன்றைப் பெரிதும் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவதினும் மேல் அன்றோ?

சட்டத்தின் பார்வையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் சட்டம் ஒலியடக்கியைப் பதிவு செய்ய வேண்டிய பொருளாக்கி, அதற்கு 200 டாலர் வரியும் விதித்தது. 2026ஆம் ஆண்டு சனவரி முதல் அவ்வரி நீக்கப்பட்டது. பதிவு முறை நீங்கவில்லை. அதே நாட்டில் உதைதணிப்பிக்கு அச்சட்டம் எந்தத் தடையும் விதிக்கவில்லை. மறைந்திருந்து கொல்வோருக்குத் துணையாகும் என்ற அச்சமே ஒலியடக்கியை ஐயத்துடன் நோக்கச் செய்கிறது. ஆனால் நார்வே, பின்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளில் அதனைப் பூட்டி வேட்டையாடுவது வழக்கமாகிவிட்டது. அண்டை வீட்டாரையும் மேயும் கால்நடைகளையும் கலங்கடிக்காத நல்லொழுக்கம் என்றே அங்குப் பலர் கருதுகின்றனர். துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையான நம் நாட்டில் பொதுமக்கள் இது பற்றி எண்ண வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கடுமை நமக்கு நன்மையே செய்திருக்கிறது.

இவ்வளவையும் ஆராய்ந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுண்டு. உதைதணிப்பி துன்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. என் தோளுக்கு வர வேண்டிய இடியை அது பக்கத்தில் நிற்பவனின் காதுக்கு அனுப்பி வைக்கிறது. ஒலியடக்கி அந்த வேகத்தைத் தன் வயிற்றிலேயே வாங்கிச் செரித்துக்கொள்கிறது; அதற்குரிய எடையைச் சுமப்பவனே சுமக்கிறான். துப்பாக்கியோடு தொடர்பில்லாத நம் வாழ்விலும் இவ்விரு வகை மனிதரையும் காண்கிறோம். மேலிருந்து வரும் நெருக்குதலை வகுப்பறையில் இறக்கி வைத்துவிட்டுத் தோள் லேசாகி வீடு திரும்பும் ஆசிரியர் உண்டு. அதனைத் தம்முள் தாங்கி, தணித்து, மாணவருக்கு வேண்டிய அளவே வெளிவிடும் ஆசிரியரும் உண்டு. முன்னவரின் குரல் வகுப்பில் நன்றாகக் கேட்கும். அவர் கற்பித்தது கேட்டிருக்காது.

மருமகனுக்கு நான் மின்னஞ்சலில் எழுதிய விடை மிகச் சுருக்கமானது. ஒலியடக்கியை வாங்கு என்றேன். அதைப் பூட்டியபின் குண்டு விழும் இடம் சற்று மாறும். ஆகவே முதலில் களத்தில் இலக்கைச் சரிபார்த்துவிட்டே காட்டுக்குப் போ என்றேன். ஒலியடக்கி இருப்பதால் காதுமூடி வேண்டாம் என்று எண்ணாதே, பையனுக்குக் கட்டாயம் அணிவி, சுடும்போது அவனைக் குழல்வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தாமல் உனக்குப் பின்னால் நிறுத்து என்றேன். ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது. கருவியை வாங்கிவிட்டானாம். மலையேறும்போது துப்பாக்கியின் முனை கனக்கிறதாம். கனக்கட்டும் என்று மீண்டும் எழுதினேன்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தப் போவதில்லை. ஆனால் பண்டிகை நாள்களில் காதருகே வெடிக்கும் பட்டாசும், இரவெல்லாம் செவிக்குள் செருகியிருக்கும் ஒலிக்கருவியும் அதே நுண்மயிர்களைத்தான் தாக்குகின்றன. பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. சொல்வதெழுதும்போது லகரத்தையும் ளகரத்தையும் ஓயாமல் மாற்றி எழுதும் மாணவனைக் கண்டால், பிரம்பையோ சிவப்பு மையையோ எடுக்கும் முன், அவனை முன் வரிசைக்கு அழைத்து, முகத்தை மறைத்துக்கொண்டு மெல்ல ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவன் திருப்பிச் சொல்லத் தடுமாறினால், பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள். அவன் கவனிக்காதவன் அல்லன். மெய்யெழுத்துகள் அவனை எட்டாதிருக்கலாம்.